வெப்காமிக் படிக்க எந்தக் கதவு வழியா உள்ள போறது?

போன மாசம் எங்க சித்தி பொண்ணுக்கு ஒரு வெப்காமிக் லிங்க் அனுப்பினேன். எனக்கு ரொம்பப் பிடிச்சது, வருஷக்கணக்கா விடாம படிக்கிறேன், அவளுக்கும் கண்டிப்பா பிடிக்கும்னு நம்பித்தான் அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்துல பதில் வந்துருச்சு. "அக்கா, யாரோ ரெண்டு பேர் என்னமோ பேசிக்கிறாங்க, யாருன்னே தெரியல, ஒரே ஒரு பக்கம்தான் இருக்கு, இவ்ளோதானா கதை?"

அவ கேட்டது ரொம்ப நியாயம். நான் அனுப்பினது அந்தத் தளத்தோட முகப்பு, அங்க எப்பவும் ஆகக் கடைசியா வந்த பக்கம்தான் இருக்கும். அந்தக் கதை 2005லேருந்து ஓடிட்டு இருக்கு. ஒரு மெகா சீரியலோட எண்ணூறாவது எபிசோடுக்கு நடுவுல ஒருத்தரைக் கொண்டுபோய் உக்கார வெச்சுட்டு நல்லாருக்கான்னு கேட்ட மாதிரி ஆயிருச்சு.

நிறைய பேர் இப்படித்தான் முதல் நாளே வெளிய வந்துடறாங்க. அதுக்கு ஒரு காரணம், வெப்காமிக்னு சொல்றப்போ ஆளாளுக்கு ஒண்ணை நினைச்சுக்கறோம். ஒருத்தருக்கு அது போன்ல தள்ளித் தள்ளிப் படிக்கிற கொரியக் கதை, இன்னொருத்தருக்கு வாட்ஸ்அப் குரூப்ல வர்ற ஜோக் படம், வேற ஒருத்தர் "பிடிஎஃப் இருந்தா அனுப்பேன்"னு கேக்கறார். அதனால இது என்ன, எப்படி வேலை செய்யுதுன்னு அடிலேருந்து சொல்லிட்டு, அப்புறம் யாருக்கு எதைக் குடுக்கலாம்னு சொல்றேன்.

ஸ்கேன் பண்ண புத்தகம் இல்ல

முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படிச்சு வளர்ந்தவங்களுக்கு காமிக்ஸ்னா சிவகாசிலேருந்து வர்ற புத்தகம். அதுல ஒண்ணை யாராவது ஸ்கேன் பண்ணி நெட்ல போட்டா அது வெப்காமிக் ஆயிடாது, அது புத்தகத்தோட போட்டோ, அவ்ளோதான். முதல்ல நெட்லயே வெளியிடறதுக்குன்னு வரையற படக்கதைதான் வெப்காமிக். பெரும்பாலும் ஒருத்தரோ ரெண்டு பேரோதான் செய்வாங்க, நடுவுல பத்திரிகை ஆசிரியர் கிடையாது, இத்தனை பக்கத்துல முடிக்கணும்னு சொல்ற ஆள் கிடையாது, கருப்பு வெள்ளைல போட்டா செலவு மிச்சம்ங்கிற கணக்கும் கிடையாது.

படக்கதைக்கே உரிய ரெண்டு வார்த்தையை மட்டும் இங்க தெரிஞ்சுக்கிட்டா பின்னாடி உதவும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பேர் பேனல். ரெண்டு பேனலுக்கு நடுவுல இருக்கிற வெத்து இடத்துக்குப் பேர் கட்டர் (gutter). முதல் பேனல்ல ஒருத்தன் அரிவாளை ஓங்கறான், அடுத்த பேனல்ல ஊர் மேல ஒரு அலறல் மட்டும் கேக்குதுன்னு வைங்க. வெட்டு விழுந்ததை யாரும் வரையவே இல்ல, அந்த வெத்து இடத்துல நம்ம மனசுதான் அதை வரைஞ்சுக்குது. காமிக்ஸோட உயிரே இந்த இடைவெளிலதான் இருக்குன்னு எனக்குத் தோணும். புத்தகத்துல அந்த இடைவெளி அரை சென்டிமீட்டர்தான் இருக்க முடியும், ஸ்க்ரீன்ல அதை எவ்வளவு வேணா இழுக்கலாம். இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, கொரியாவுக்குப் போறப்போ வேணும்.

சுருக்கமா: நெட்டுக்குன்னே வரைஞ்சு, நெட்லயே முதல்ல வர்ற படக்கதை வெப்காமிக். போன்ல படிக்கிற எல்லாமே வெப்காமிக் இல்ல.

முகப்புல நிக்கிறது கடைசிப் பக்கம்

வாரப்பத்திரிகை தொடர்கதை எப்படி வருமோ அப்படித்தான் வெப்காமிக்கும் வரும், ஆனா ஒரு வாரத்துக்கு ஒரு அத்தியாயம்னு இல்லாம பல நேரம் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பக்கம். திங்கள், புதன், வெள்ளின்னு வாரத்துக்கு மூணு பக்கம்ங்கிறது ரொம்ப சகஜமான கணக்கு. தினமும் வந்து பார்க்கிற பழைய வாசகர் புதுப் பக்கத்தைத் தேடக் கூடாதுல்ல, அதனால அதையே முகப்புல வெச்சுடறாங்க. அவங்களுக்கு வசதியா இருக்கிற அதே விஷயம்தான் புதுசா வர்றவங்களுக்குச் சுவரா நிக்குது.

வந்த எல்லாப் பக்கமும் தளத்துலயே வரிசையா அடுக்கி இருக்கும், அந்த அடுக்குக்குப் பேர் ஆர்கைவ். பழைய வாரப்பத்திரிகையை வாராவாரம் கிழிச்சு வெச்சு, கடைசில பைண்ட் பண்ணி வீட்ல வெச்சிருப்பாங்களே, அந்த பைண்டிங்தான் இது, ஆனா எல்லாருக்கும் திறந்து கிடக்குது. படத்துக்குக் கீழயோ மேலயோ முதல், முந்தைய, அடுத்த, கடைசின்னு நாலு பட்டன் இருக்கும், சில தளத்துல வெறும் அம்புக்குறியா இருக்கும். அந்த முதல் பட்டனை அழுத்தினா கதை ஆரம்பிச்ச நாளுக்குப் போயிடலாம். இதை யாரும் சொல்லித்தராததால மட்டுமே ஒரு நல்ல கதையை விட்டவங்களை எனக்குத் தெரியும்.

துணுக்கும் தொடர்கதையும்

ஆனா எல்லாத்தையும் முதல் பக்கத்துலேருந்து படிச்சாகணுமான்னா, அதுவும் இல்ல. வெப்காமிக்ல ரெண்டு பெரிய வகை இருக்கு, நம்ம பத்திரிகைல துணுக்குக்கும் தொடர்கதைக்கும் என்ன வித்தியாசமோ அதேதான்.

துணுக்கு வகைல ஒவ்வொண்ணும் தனி. எக்ஸ்கேசிடி இதுக்கு நல்ல உதாரணம், அந்தப் பேரை அப்படியே எழுத்தெழுத்தாத்தான் சொல்லணும். ராண்டல் மன்றோங்கிறவர் 2005லேருந்து வரையறார், முன்னாடி நாசாவுல ரோபோ சம்பந்தமா வேலை பார்த்தவர். குச்சி குச்சியா மனுஷங்க, முகம்கூடக் கிடையாது, ஆனா கணக்கு, கம்ப்யூட்டர், காதல், சாவுன்னு எதை வேணா எடுத்துக்குவார். இதுல எங்க வேணா ஆரம்பிக்கலாம், இன்னைக்கு வந்ததைப் படிச்சுட்டு பிடிச்சா பின்னாடி போகலாம். ஒண்ணே ஒண்ணு, படத்து மேல மவுஸை வெச்சா ஒரு சின்ன வரி தோணும், பாதி சிரிப்பு அதுலதான் இருக்கும், சில நேரம் மனசைப் பிசையற வரியும் அதுவாத்தான் இருக்கும். போன்ல படிக்கிறவங்க இதைத் தவற விட்டுடறாங்க, அந்தத் தளத்தோட மொபைல் பதிப்புல அதுக்குன்னு ஒரு குட்டி லிங்க் இருக்கு, அதைத் தட்டிப் பாருங்க.

ரயன் நார்த்தோட டைனோசர் காமிக்ஸ் இன்னும் ஆச்சரியம். 2003லேருந்து வருது, ஆறு பேனல், ஒவ்வொரு தடவையும் அதே படம், அதே டைனோசர், அதே நிலை, வசனம் மட்டும்தான் மாறுது. ஒரே மெட்டுக்கு ஆயிரக்கணக்குல பாட்டு எழுதற மாதிரி. ஒரு பத்து படிச்ச பிறகுதான், படம் மாறாததே எப்படி சிரிப்புக்கு உதவுதுன்னு பிடிபடும்.

தொடர்கதை வகைல அப்படி நடுவுல நுழைய முடியாது. நான் சித்தி பொண்ணுக்கு அனுப்பினது கன்னர்க்ரிக் கோர்ட், டாம் சிட்டெல் எழுதி வரையறது. ஆன்டிமனின்னு ஒரு பொண்ணு ஒரு விசித்திரமான ஸ்கூல்ல சேர்றா, ஒரு பக்கம் மிஷின், ரோபோ, இன்னொரு பக்கம் காடு, மந்திரம், நடுவுல ஒரு பெரிய பாலம். சேர்ந்த கொஞ்ச நாள்லயே தனக்கு ரெண்டு நிழல் விழறதை அவ கவனிக்கிறா. கதை அங்கதான் ஆரம்பிக்குது, அங்கேருந்துதான் படிக்கவும் முடியும்.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு வகை இருக்கு, பல பேர் தடுக்கி விழறது இதுலதான்: துணுக்கா ஆரம்பிச்சு தொடர்கதையா மாறினது. ரிச் பர்லூவோட ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக் 2003ல வந்தப்போ ஒரு விளையாட்டோட விதிகளை வெச்சு சிரிப்புக் காட்டற குச்சி மனுஷக் கதை, அந்த விளையாட்டு தெரியலேன்னா முதல் சில பக்கம் தலைகால் புரியாது. போகப் போக அப்பா மகன் உறவு, சத்தியம்னா என்ன, நல்லவன்னு நினைச்சுக்கறவன் செய்யற கொடுமைன்னு எங்கயோ போயிடுது. இந்த மாதிரி கதையைச் சிபாரிசு பண்றவங்க, "முதல்ல ஜோக் மாதிரிதான் இருக்கும், கொஞ்சம் பொறு"ன்னு சேர்த்து சொல்லியே ஆகணும், இல்லேன்னா பாவம் அவங்க வேற ஏதோ தப்பா படிக்கிறோம்னு நினைச்சு மூடிடுவாங்க.

சுருக்கமா: துணுக்குன்னா எங்கேருந்து வேணா, தொடர்கதைன்னா முதல் பட்டன், மாறின வகைன்னா எங்க மாறுதுன்னு தெரிஞ்ச ஒருத்தர் துணை.

முதல் நூறு பக்கம் ஏன் அப்படி இருக்கு

ஆர்கைவுக்குள்ள போனவங்க அடுத்து சொல்றது, "படம் சுமாரா இருக்கே, நீ காட்டினப்போ அழகா இருந்துச்சே?" கேள்வி சரிதான். புத்தகம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி முழுக்க வரைஞ்சு, திருத்தி, சரியில்லாததைத் தூக்கிப் போட்டுட்டு வரும். வெப்காமிக் அப்படி இல்ல, வரையறவர் கத்துக்கிற அதே நாள்ல நம்ம கண்ணு முன்னாடி வருது. இன்னைக்கு வரைஞ்ச பக்கம் இன்னைக்கே போயிடுது, அஞ்சு வருஷம் கழிச்சு கை தேறின பிறகும் அந்தப் பழைய பக்கம் அப்படியே தளத்துல நிக்குது. கன்னர்க்ரிக் கோர்ட்டோட முதல் அத்தியாயத்தையும் இப்ப வர்ற பக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா ஒரே ஆள் வரைஞ்சதான்னு சந்தேகம் வரும், முதல்ல முகமெல்லாம் கோணல் கோணலா கட்டம் கட்டமா இருக்கும்.

எனக்கு இது குறையாவே தெரியல. எங்க தெருவுல ஒரு அண்ணன் மார்கழில மிருதங்கம் கத்துக்க ஆரம்பிச்சு, அடுத்தடுத்த வருஷம் அதே வாசல்ல உக்காந்து வாசிக்கிறதைக் கேட்டிருக்கேன், அதுல கிடைச்ச சந்தோஷம் கச்சேரில கிடைக்காது. ஆனா புதுசா வர்றவங்களுக்கு இந்தப் பாசம் இன்னும் வரலையே, அவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிடறது நல்லது.

இதோட சேர்ந்த இன்னொரு வார்த்தை ஹையாட்டஸ், அதாவது வரையறவர் எடுத்துக்கிற இடைவேளை. உடம்பு சரியில்ல, குழந்தை பிறந்திருக்கு, வேற வேலை வந்துருச்சு, ஏதோ ஒண்ணு. சில நேரம் அது மாசக்கணக்காகும், சில கதை திரும்ப வராமலே போயிடும். முன்கூட்டியே சில பக்கம் வரைஞ்சு கையில வெச்சிருப்பாங்க, அதை பஃபர்னு சொல்லுவாங்க, மாவு அரைச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சிருக்கிற மாதிரி. அது தீர்ந்துட்டா அன்னன்னைக்கு அரைச்சு அன்னன்னைக்கு ஊத்தற நிலைமைதான். பாதில நிக்கிற கதையைத் தாங்க முடியாதவங்களுக்கு முடிஞ்ச கதையா பார்த்துக் குடுங்க.

கீழ இறங்குற கதை

இப்ப கொரியாவுக்கு வரலாம். வெப்டூன்ங்கிறது வெப்காமிக்ல ஒரு வகை, ஆனா இப்ப ரெண்டையும் ஒண்ணாவே பேசறாங்க. பக்கம்னு ஒண்ணு இல்லாம, மேலேருந்து கீழ தள்ளிக்கிட்டே படிக்கிற மாதிரி ஒரே நீளமா வரையறதுதான் வெப்டூன். வங்காளத்துல பட்டுவாக்கள்னு இருக்காங்க, நீளமான படச்சுருளைக் கொஞ்சம் கொஞ்சமா அவிழ்த்து, ஒவ்வொரு படத்தையும் விரலால காட்டிக்கிட்டே பாட்டா கதை சொல்லுவாங்க. சுருள் எவ்வளவு அவிழுதோ அவ்வளவுதான் கதை தெரியும், அடுத்தது சுருளுக்குள்ள இருக்கும். வெப்டூன்ல சுருளை அவிழ்க்கிறது நம்ம கட்டைவிரல்.

முன்னாடி சொன்ன கட்டர் ஞாபகம் இருக்கா? வெப்டூன் பெரும்பாலும் அதை வெச்சுத்தான் வேலை செய்யுது. ஒரு பொண்ணு கதவைத் திறக்கிறா, அதுக்குக் கீழ வெறும் கருப்பு, தள்ளறோம், இன்னும் கருப்பு, தள்ளறோம், விரல் தன்னால மெதுவாகுது, அப்புறம்தான் உள்ள இருக்கிற முகம். அந்தக் கருப்போட நீளம்தான் நேரம். புத்தகத்துல பக்கத்தைத் திருப்பினா எல்லாப் பேனலும் ஒரே நேரத்துல கண்ணுல பட்டுடும், இங்க வரையறவர் எப்பக் காட்டணும்னு நினைக்கிறாரோ அப்பத்தான் தெரியும். அமெரிக்கால ஸ்காட் மெக்லவுட் 2000ல எழுதின புத்தகத்துலயே, ஸ்க்ரீனைப் பக்கமா நினைக்காம ஜன்னலா நினைங்கன்னு சொல்லி, அதுக்கு இன்ஃபினிட் கேன்வாஸ்னு பேர் வெச்சார், எல்லையில்லாத வரைதுணின்னு எடுத்துக்கலாம்.

எல்லாரும் ஸ்மார்ட்போன் வந்ததாலதான் வெப்டூன் வந்துச்சுன்னு நினைக்கிறாங்க. உண்மைல அது அதுக்கு முந்தியே வந்துருச்சு. 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொரியால அச்சுப் படக்கதைச் சந்தை படுத்துருச்சு, அதே சமயம் வீட்டுக்கு வீடு வேகமான இன்டர்நெட் வந்துச்சு. அங்க டவும், நேவர்னு ரெண்டு பெரிய இணையதளம், டவும் 2003லயும் நேவர் 2004லயும் படக்கதைக்குன்னு பகுதி திறந்தாங்க, 2003ல கங் ஃபுல்ங்கிற ஓவியர் டவும்ல போட்ட காதல் கதை மேலேருந்து கீழ படிக்கிற நீளக் கதைக்கு ஆரம்பகால உதாரணம். அப்போ ஜனங்க தள்ளினது விரலால இல்ல, மவுஸ் சக்கரத்தால. பின்னாடி போன் வந்தப்போ இந்த வடிவம் அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி அதுல பொருந்திக்கிச்சு. நேவரோட இங்கிலீஷ் சேவை 2014ல வந்துச்சு, உலகம் முழுக்கப் பரவினது அதுக்கப்புறம்தான்.

காதல், சண்டை, மறுபிறவி மட்டும்தான் வெப்டூன்னு நினைக்கிறதும் தப்பு. யூன் டே-ஹோவோட மிசெங்ல, பாடுக்ங்கிற பலகை ஆட்டத்துல தொழில்முறை ஆட்டக்காரனா ஆக முடியாம போன ஒரு பையன் கம்பெனில வேலைக்குச் சேர்றான். மிசெங்னா அந்த ஆட்டத்துல இன்னும் உயிர் உறுதியாகாத காய்கள்னு அர்த்தம். 1989ல நடந்த ஒரு உண்மையான இறுதி ஆட்டத்தோட நகர்வை ஒவ்வொண்ணா அத்தியாயத்தோட சேர்த்துக்கிட்டே போவார். கான்ட்ராக்ட் வேலைல இருந்தவங்க யாரா இருந்தாலும் அந்தப் பையனைப் பார்த்ததும் அடையாளம் தெரிஞ்சுக்குவாங்க. இது 2014ல டிவி தொடராவும் வந்துச்சு.

சுருக்கமா: வெப்டூன் எல்லாம் வெப்காமிக், வெப்காமிக் எல்லாம் வெப்டூன் இல்ல. அதுல இடைவெளிதான் நேரம், அதனால அவசரமா தள்ளாதீங்க.

ஓசில வருதே, அவங்க எப்படிச் சாப்பிடறாங்க

தெருக்கூத்துக்கு டிக்கெட் கிடையாது. ஊரே உக்காந்து விடிய விடியப் பார்க்கும், பிடிச்சவங்க எழுந்து போய் நோட்டைக் குத்திவிட்டுட்டு வருவாங்க. வெப்காமிக்கும் கிட்டத்தட்ட அப்படி. படிக்கிறது இலவசம், பிடிச்சவங்க புத்தகம் வாங்குவாங்க, பேட்ரியான்ங்கிற தளம் வழியா மாசாமாசம் ஒரு தொகை குடுப்பாங்க, கொஞ்சம் விளம்பரக் காசு வரும். வெப்டூன் ஆப்ல சில கதைக்கு அடுத்த அத்தியாயத்தை முன்கூட்டியே படிக்க காசு கட்டலாம், காத்திருந்தா ஓசி.

ஓசியா குடுத்தா யார் வாங்குவாங்கன்னு தோணும். ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக் புத்தகத்தை மறுபடி அச்சடிக்க 2012ல கிக்ஸ்டார்ட்டர்ங்கிற, ஜனங்ககிட்ட பணம் திரட்டற தளத்துல 57,750 டாலர் கேட்டார் பர்லூ, வந்தது 12.5 லட்சம் டாலருக்கு மேல. தளத்துல எல்லாமே சும்மா படிச்சு முடிச்சவங்கதான் குடுத்தாங்க. ஃபாக்லியோ தம்பதியோட கேர்ள் ஜீனியஸ் அச்சுல வந்துட்டு இருந்ததை நிறுத்தி 2005ல நெட்டுக்கு வந்துச்சு, அப்புறம் 2009, 2010, 2011னு மூணு வருஷம் தொடர்ந்து, அறிவியல் புனைகதைக்கும் மாயக்கதைக்கும் குடுக்கிற ஹ்யூகோ விருது வாங்குச்சு.

அதனால ஒரு வேண்டுகோள், பிடிச்ச பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பேரை வெட்டிட்டு ஃபார்வர்ட் பண்ணாதீங்க. கூத்துக்காரர் வேஷத்தை எடுத்துட்டுப் போய் வேற ஊர்ல ஆடற மாதிரி ஆயிடுது, நோட்டு குத்தணும்னு நினைக்கிறவருக்கு யாருகிட்ட போறதுன்னே தெரியாது. லிங்க் அனுப்புங்க, முடிஞ்சா சரியான பக்கத்தோட லிங்க்.

யாருக்கு எதை

ஒரு நாளைக்கு ரெண்டு நிமிஷம்தான் இருக்குங்கிறவங்களுக்கு எக்ஸ்கேசிடி. அவங்களுக்கு அது பிடிச்சுப்போனா, அதுலயே டைம்னு ஒண்ணு இருக்கு, எண் 1190, அதைக் காட்டுங்க. 2013 மார்ச்ல ரெண்டு பேர் கடற்கரைல சும்மா உக்காந்திருக்கிற ஒரே ஒரு படமா வந்துச்சு. அரை மணிக்கொரு தடவை படம் மாறுச்சு, அப்புறம் மணிக்கு ஒண்ணு. ஜூலை வரைக்கும், 3,099 படம். ஏன் மாறுது, என்ன நடக்குதுன்னு யாருக்கும் சொல்லல. அடுத்த வருஷம் ஹ்யூகோ வாங்குச்சு. எந்தப் புத்தகத்தாலயும் இதைச் செய்ய முடியாதுல்ல, வெப்காமிக்னா என்னன்னு ஒரே ஒரு உதாரணம் கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன்.

காதல் கதை கேக்கறவங்களுக்கு நியூசிலாந்துக்காரர் ரேச்சல் ஸ்மைத்தோட லோர் ஒலிம்பஸ், 2018ல ஆரம்பிச்சு 2024ல முடிஞ்சுது. கிரேக்கப் புராணத்துல வர்ற பெர்செஃபனி, ஹேடீஸ் கதையை இந்தக் காலத்துல வெச்சுச் சொல்றது, நிறம் மட்டும் பார்த்துக்கிட்டே இருக்கலாம். ஆனா பாலியல் வன்முறை ஒரு முக்கியமான இழையா வருது, சின்னப் பசங்களுக்குக் குடுக்காதீங்க, பெரியவங்ககிட்டயும் சொல்லிட்டுக் குடுங்க.

நீளம்னாலே பயப்படறவங்களுக்கு என்.டி. ஸ்டீவன்சனோட நிமோனா. படிச்சிட்டு இருந்த காலத்துல 2012ல ஆரம்பிச்சு 2014ல முடிச்சது, 2015ல புத்தகமாச்சு, 2023ல படமாவும் வந்துச்சு. உருவம் மாத்தற ஒரு பொண்ணு, வில்லன்னு பேர் வாங்கினவன்கிட்ட வேலைக்குச் சேர்றா, அங்கேருந்து யார் நல்லவன்ங்கிற கணக்கே கலைஞ்சு போகுது. இதைப் புத்தகமாவே வாங்கிக் குடுக்கலாம், தளம், பட்டன், ஆர்கைவ்னு எதுவும் பழக வேண்டியதில்ல.

பெரிய கதைக்குள்ள மூழ்கணும், அவசரம் இல்லைங்கிறவங்களுக்குத்தான் கன்னர்க்ரிக் கோர்ட். சித்தி பொண்ணுக்கு மறுபடி அனுப்பினேன், இந்தத் தடவை முகப்பு இல்ல, முதல் அத்தியாயத்தோட முதல் பக்கம். கூடவே ரெண்டு வரி: படம் போகப் போக மாறும், முதல் அத்தியாயம் முடியற வரைக்கும் படி, பிடிக்கலேன்னா விட்டுரு, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். ராத்திரி பதினொன்றரைக்கு மெசேஜ் வந்துச்சு.

"அக்கா, அந்த ரெண்டாவது நிழல் பாலத்தைத் தாண்டிப் போனதே, அது திரும்ப வருமா?"

சொல்ல மாட்டேன்னுட்டேன்.